காய்ச்சலுக்குப் பின் கால்கள் தளர்ந்தால்...

மழைக்காலம் வந்துவிட்டால் காய்ச்சலும் தொண்டை வலியும் எட்டிப் பாராத வீடு நம் பங்குகளில் உண்டோ? பள்ளியில் ஒரு பிள்ளைக்கு வந்தால் பத்துப் பிள்ளைகளுக்குத் தொற்றும். கஞ்சியும் கஷாயமும் மாத்திரையுமாக நான்கு நாட்கள் கழியும். ஐந்தாம் நாள் பிள்ளை புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடும். தாயும் அதனை மறந்துவிடுவாள். மிகப் பெரும்பாலான வீடுகளில் கதை அத்துடன் முடிந்துவிடுகிறது. அவ்வாறு முடியாமற் போகும் மிகச் சில வீடுகளைப் பற்றியே இத்திங்கள் எழுதப் புகுந்துள்ளோம்.

அத்தகைய வீடு ஒன்றை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். மகனுக்கு 14 வயது. காய்ச்சல் விட்டுப் பத்து நாட்கள் ஆகின்றன. ஒரு நாள் காலையில் எழுந்தவன், "அம்மா, பாதமெல்லாம் மரத்துப் போனாற்போல் இருக்கிறது" என்கிறான். மாலையில் மாடிப்படி ஏறக் கைப்பிடிச் சுவரைப் பற்றுகிறான். "பரீட்சை நெருங்குகிறது அல்லவா? இனி இப்படித்தான் நொண்டிச் சாக்குகள் வரும்" என்கிறார் தந்தை. "காய்ச்சலில் கிடந்த உடம்பு, ஆட்டுக்கால் சாறு வைத்துக் கொடுத்தால் கால் தானே வலுக்கும்" என்கிறார் பாட்டி. மறுநாள் இரவு குடும்பச் செபமாலை முடிந்ததும், முழந்தாளிட்டிருந்தவனால் எழ முடியவில்லை. தரையில் கையூன்றிப் பார்க்கிறான், கையிலும் வலுவில்லை. "எண்ணெய் தேய்த்து நீவிவிட்டால் சரியாகும்" என்கிறார் பக்கத்து வீட்டு அம்மாள். மூன்றாம் நாள் தண்ணீர் குடிக்கையில் புரையேறுகிறது. சிரித்தால் முகம் விரியவில்லை.

இவர்கள் அனைவரும் அன்பினால் பேசியவர்களே. ஆனால் அந்த அன்பான பேச்சுக்களிலேயே மூன்று நாட்கள் போய்விட்டன. நாம் சொல்லப்போகும் நோயில் மூன்று நாட்கள் சிறிய காலம் அன்று.

நோயின் பெயர்

இந்நோய்க்குக் கில்லன்-பாரே நோய் என்று பெயர். செய்தித்தாள்கள் ஜி.பி.எஸ். என்று சுருக்கி எழுதுகின்றன. காலில் தொடங்கி மேல்நோக்கி ஏறும் இத்தகைய வாதத்தை 1859-ஆம் ஆண்டிலேயே லாந்திரி என்னும் பிரெஞ்சு மருத்துவர் விவரித்திருந்தார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916-ஆம் ஆண்டில், பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்னும் மூன்று மருத்துவர்கள், இவ்வாறு தளர்ந்து வந்த இரு போர்வீரர்களைச் சோதித்தனர். முதுகெலும்பின் உள்ளே ஓடும் நீரை ஊசியால் எடுத்துப் பார்த்தபோது, அதில் புரதம் மிகுந்திருந்தது; ஆயினும் கிருமித் தொற்றில் பெருகும் வெள்ளணுக்கள் பெருகியிருக்கவில்லை. இளம்பிள்ளை வாதத்திலிருந்தும் மூளைக் காய்ச்சலிலிருந்தும் இந்நோயைப் பிரித்தறிய அது ஒரு திறவுகோலாயிற்று. இன்றும் மருத்துவர்கள் அந்தச் சோதனையைச் செய்கின்றனர். நோயின் பெயரில் மூன்றாமவரான ஸ்ட்ரோலுக்கு மட்டும் இடம் கிடைக்காமற் போயிற்று.

உலகெங்கும் ஆண்டொன்றுக்கு இலட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவரை இந்நோய் தாக்குகிறது. வயது ஏற ஏற இது மிகுதியாகக் காணப்படுகிறது; எனினும் சிறுவரையும் வளரிளம் பருவத்தினரையும் விட்டுவைப்பதில்லை. இலட்சத்தில் ஒருவர் என்றால் அச்சத்துக்கு இடமில்லை என்பது உண்மை. அந்த ஒரு பிள்ளை நம் வீட்டில் இருந்துவிட்டால் கணக்கு ஆறுதல் தராது என்பதும் உண்மையே.

நரம்பு என்பது எது?

மேலே செல்லுமுன் ஒரு சொல்லைத் தெளிவு செய்துகொள்வோம். புறங்கையில் நீலமாகப் புடைத்துத் தெரியும் இரத்தக் குழாயையும் நரம்பு என்கிறோம். "நரம்பு ஊசி போட்டார்கள்" என்கிறோம். குதிகாலின் பின்னே விறைத்து நிற்கும் தசைநாரையும் நரம்பு என்கிறோம். இவற்றுக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை. பேருந்து நிலையச் சுவர்களில் விளம்பரம் செய்யப்படும் "நரம்புத் தளர்ச்சி"க்கும் அதற்கென்று விற்கப்படும் லேகியங்களுக்கும் இதற்கும் எள்ளளவும் தொடர்பில்லை.

நாம் இங்கே நரம்பு என்பது, மூளையின் கட்டளையை முதுகுத் தண்டிலிருந்து கை கால்களுக்குக் கொண்டு செல்வதும், தொடுதல், வலி, வெப்பம் முதலிய உணர்வுகளை அங்கிருந்து திரும்பக் கொண்டுவருவதுமான மெல்லிய இழைகளையே. மின்கம்பியின் மேல் உறை இருப்பதுபோல், இவற்றுள் பெரும்பாலான இழைகளின் மேல் மயிலின் என்னும் கொழுப்புறை உண்டு. உறை சேதமுற்றால் செய்தி தாமதமாகும் அல்லது நின்றுவிடும். உள்ளிருக்கும் இழையே சேதமுற்றால் இழப்பு இன்னும் பெரிது. கால்களுக்குச் செல்லும் இழைகளே மிக நீளமானவை; ஆகவேதான் தளர்ச்சி பெரும்பாலும் காலில் தொடங்குகிறது.

காவலன் செய்யும் பிழை

காய்ச்சலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? நோயுற்றோரில் மூன்றில் இரு பங்கினர், அதற்கு முந்திய ஆறு வாரங்களுக்குள் சளிக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்டவர்கள். ஃபுளூ காய்ச்சல் கிருமி, தொண்டைக் கட்டியுடன் காய்ச்சல் தரும் எப்ஸ்டீன்-பார் வைரஸ், சைட்டோமெகலோ வைரஸ், ஜிகா வைரஸ் ஆகியவை இவ்வாறு முன்னே வந்து போகும் கிருமிகளுள் சில. கோவிட் நோய்க்குப் பின்னும் இத்தளர்ச்சி கண்டவர்கள் உண்டு. வைரஸ் அல்லாத கேம்பிலோபாக்டர் என்னும் பாக்டீரியா, சமைக்கப்படாத கோழியிறைச்சியாலும் அசுத்தமான நீராலும் பரவுவது, இவற்றுள் முதன்மையானது.

ஆனால் கிருமி நேரே நரம்பைத் தின்பதில்லை. நம் உடலில் இறைவன் அமைத்த காவற்படை ஒன்று உண்டு. கிருமி நுழைந்ததும் அது எதிர்ப்பொருள்களைத் தயாரித்து அக்கிருமியை அழிக்கிறது. ஊர்க்காவலன் ஒருவன் சிவப்புச் சட்டைத் திருடனை அடித்துத் துரத்துகிறான் என்று கொள்வோம். திருடன் போய்விட்டான்; காவலனின் வெறி அடங்கவில்லை. சிவப்புச் சட்டை அணிந்து தெருவில் வரும் வீட்டுப் பிள்ளையையும் திருடனென்று எண்ணி அடித்து வீழ்த்திவிடுகிறான். அதுபோல, சில கிருமிகளின் மேற்புறத்தில் உள்ள பொருள் ஒன்று நரம்பின் மேலுள்ள பொருளை ஒத்திருக்கிறது. கிருமிக்கென்று செய்த ஆயுதம் நரம்பின் மேல் பாய்கிறது. ஆகவேதான் தளர்ச்சி வருவதற்குள் காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு வாரங்கள் ஆகிவிடுகின்றன. பெற்றோரும் இரண்டையும் இணைத்துப் பார்க்கத் தவறிவிடுகின்றனர்.

இத்தொடர்புக்குச் சான்றுகள் பல. பசிபிக் மாகடலில் உள்ள பிரெஞ்சுப் பொலினீசியத் தீவுகளில் 2013, 2014 ஆண்டுகளில் ஜிகா காய்ச்சல் பரவியது. அப்போது சில மாதங்களுக்குள் 42 பேர் இந்நோயுடன் மருத்துவமனை சேர்ந்தனர். அவர்களுள் ஒருவர் நீங்கலாக அனைவரின் இரத்தத்திலும் ஜிகாவுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் காணப்பட்டன. 12 பேருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது. ஆயினும் ஒருவரும் இறக்கவில்லை. உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அதுவே சான்று. வட சீனாவின் சிற்றூர்களில் கோடைதோறும் சிறுவர்களையும் இளைஞர்களையும் தாக்கிய ஒருவகை வாதத்தை ஆராய்ந்தவர்கள், அது நரம்பிழையையே தாக்கும் இந்நோயின் கிளை என அறிவித்தனர். நம் நாட்டில் 2025-ஆம் ஆண்டு சனவரியில், புனே நகரின் சிங்கட் சாலைப் பகுதியிலும் சுற்றுப்புறத்திலும் இந்நோய் பலரைத் தாக்கத் தொடங்கியது. பாதிக்கப்பட்டோர் 200-க்கும் மேற்பட்டனர். அங்கே கேம்பிலோபாக்டர் கிருமி கண்டறியப்பட்டது. குடிநீரின் மேல் ஐயம் எழுந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பதும், கோழியிறைச்சியை நன்றாக வேகவைப்பதும், சாப்பிடுமுன் சோப்பிட்டுக் கை கழுவுவதும் நம் கையில் உள்ள தடுப்பு முறைகள்.

யார் குற்றம்?

இந்நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை. பரம்பரையாகப் பெற்றோரிடமிருந்து வருவதில்லை. தாய் சமைத்துக் கொடுத்த உணவில் சத்துக் குறைந்ததால் வந்ததும் அன்று. தந்தை கடிந்து கொண்டதால் வந்ததும் அன்று. பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம் என்று வினவினர். ஆண்டவரோ அக்கேள்வியையே ஏற்கவில்லை. ஆயினும் இன்னும் நம் தெருக்களில் அக்கேள்வி உலவுகின்றது. கண்ணேறு என்பார் ஒருவர். யாரோ இட்ட சாபம் என்பார் மற்றொருவர். பிள்ளை கட்டிலில் கிடக்கையில் பெற்றோரின் காதில் இச்சொற்களை ஊற்றுவது கொடுமை. அதனினும் கேடு, அச்சொற்களை நம்பி மருத்துவமனைக்குப் போகாமல் வேறெங்கெங்கோ அலைவதால் நேரும் தாமதம்.

வளரிளம் பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு அநீதியும் நேர்வதுண்டு. "நடிக்கிறாள்", "பள்ளிக்குப் போக மனமில்லை" என்று முத்திரை குத்திவிடுகின்றனர். பிள்ளை பொய் சொல்கிறதா என்று ஆராய்வதற்கு முன், மருத்துவர் அதன் முழங்காலில் சிறு சுத்தியால் தட்டிப் பார்க்கட்டும். நலமாயிருக்கும் காலைத் தட்டினால் அது தானே சற்றுத் துள்ளும். இந்நோயில் அத்துள்ளல் குறைந்துவிடும் அல்லது அறவே நின்றுவிடும். அதனை எந்தப் பிள்ளையாலும் நடித்துக் காட்ட முடியாது.

அறிகுறிகள்

பெற்றோர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய அறிகுறிகள் இவை. பாதங்களிலும் விரல்களிலும் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு அல்லது மரமரப்பு. முதுகிலும் தொடைகளிலும் கடும் வலி. சிறுவர்களில் தளர்ச்சி வெளிப்படுமுன் வலியே முந்திக்கொள்வதுண்டு. இரு கால்களும் ஏறத்தாழ ஒரே அளவில் தளர்தல், படியேறவும் தரையிலிருந்து எழவும் இயலாமை, நடையில் தள்ளாட்டம். நாளுக்கு நாள், சில வேளைகளில் மணிக்கு மணி, தளர்ச்சி மேலேறிக் கைகளையும் முகத்தையும் தொண்டையையும் பற்றுதல். முடிவில் மூச்சை இழுக்கும் தசைகளும் தளரலாம். ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்படுகிறது.

கனடா நாட்டு மருத்துவரான மில்லர் ஃபிஷர் 1956-இல் விவரித்த ஒரு வகையில், கண்கள் அசையாமல் பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும்; நடையும் தடுமாறும். கால் வலுவாக இருக்கிறதே என்று அதனை அலட்சியம் செய்தலாகாது.

இதுபோன்றே தோன்றும் வேறு நோய்களும் உண்டு. இளம்பிள்ளை வாதத்தில் காய்ச்சல் இருக்கும்போதே தளர்ச்சி வரும், பெரும்பாலும் ஒரு காலை மிகுதியாகவும் மற்றதைக் குறைவாகவும் தாக்கும், மரமரப்பு இராது. முதுகுத் தண்டில் அழற்சி ஏற்பட்டால், தொடக்கத்திலேயே சிறுநீர் கட்டுவதும், இடுப்புக்குக் கீழ் உணர்வு அறுந்தாற்போல் இருப்பதும் காணலாம். தரையில் படுத்துறங்கிய பிள்ளை விடியற்காலையில் இமைகள் தொங்கி, பேச்சுக் குழறி எழுந்தால், கட்டுவிரியன் தீண்டியிருக்கலாம். அதன் பல் தடம் கண்ணுக்குத் தெரியாமலும் போகும். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தாலும் கை கால்கள் விழுந்துவிடும். இவற்றை வீட்டில் இருந்தபடி பிரித்தறிய நம்மால் இயலாது. அது மருத்துவரின் வேலை. நம் வேலை, நடந்தவற்றை ஒளிக்காமல் வரிசையாகச் சொல்வது. காய்ச்சல் எப்போது வந்தது, வயிற்றுப்போக்கு இருந்ததா, எங்கே படுத்தான், என்ன மாத்திரை உண்டான், தளர்ச்சி எந்த நாளில் எந்த உறுப்பில் தொடங்கியது என்பவற்றை ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.

எங்கே செல்வது?

கால் தளர்ச்சி ஏறுமுகமாக இருந்தால், தீவிர சிகிச்சைப் பிரிவும் செயற்கைச் சுவாசக் கருவியும் உள்ள மருத்துவமனைக்கே நேரே செல்லுதல் நலம். மாவட்டத் தலைநகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இவ்வசதிகள் உண்டு. 108 ஊர்தியை அழைக்கத் தயங்க வேண்டாம். வழியில் பிள்ளைக்கு வாய்வழியே பாலோ சோறோ ஊட்டாதீர்கள். விழுங்கும் தசை தளர்ந்திருந்தால் அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

மருத்துவமனையில் பிள்ளையை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என எண்ணச் சொல்வார்கள். முந்திய நாள் முப்பது வரை எண்ணியவன் இன்று பதினைந்தில் நின்றால், மூச்சுத் தசை தளர்கிறது என்பது பொருள். நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் திடீரென ஏறியிறங்கும். ஆகவே இரவும் பகலும் கவனிப்பார்கள். "நன்றாகப் பேசுகிறானே, ஏன் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்கிறார்கள்?" என்று மருத்துவருடன் வாதிட வேண்டாம். மூச்சு நின்றபின் ஓடுவதைவிட, நிற்குமுன் அருகில் இருப்பது மேலல்லவா?

பிள்ளைக்கு 15 வயது நிறையவில்லை என்றால், சுகாதாரத் துறையினர் வந்து, 24 மணி நேர இடைவெளியில் இருமுறை மலம் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். இது கண்டு பெற்றோர் கலங்க வேண்டியதில்லை. நம் நாட்டில் இளம்பிள்ளை வாதத்தின் இயற்கைக் கிருமியால் கடைசியாக ஒரு குழந்தை தாக்கப்பட்டது 2011-ஆம் ஆண்டு சனவரியில், மேற்கு வங்காளத்தின் ஹௌராவில். 2014-ஆம் ஆண்டு மார்ச்சு 27-ஆம் நாள் இந்தியாவுக்கு அந்நோய் ஒழிந்ததற்கான சான்று வழங்கப்பட்டது. அந்தப் பகைவன் மீண்டும் நுழைந்துவிடாதபடி, திடீரெனக் கை கால் தளர்ந்த சிறுவர் ஒவ்வொருவரையும் சோதிப்பது இன்றும் தொடர்கிறது. நம் பிள்ளையிடம் எடுக்கும் சோதனை நாட்டுப் பிள்ளைகள் அனைவருக்கும் காவல்.

இரு சிகிச்சைகள்

பயன் தருவதாக நிறுவப்பட்ட சிகிச்சைகள் இரண்டு. ஒன்று, இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைக் கருவி வழியே பிரித்து நீக்கி, மாற்று நீர்மத்தைச் செலுத்துதல். தவறிழைத்த எதிர்ப்பொருள்கள் அத்துடன் வெளியேறுகின்றன. இதன் பயனை வட அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சி 1985-இல் உறுதிப்படுத்தியது. மற்றொன்று, இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தை வழக்கமாக ஐந்து நாட்கள் இரத்தக் குழாயில் ஏற்றுதல். இது முன்னதற்குக் குறையாத பயன் தருவது என்று 1992-இல் ஹாலந்து நாட்டு மருத்துவர்கள் காட்டினர். தளர்ச்சி தொடங்கி இரு வாரங்களுக்குள் இதனைத் தொடங்குதல் வேண்டும். எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நன்று. பல நோய்களில் கைகொடுக்கும் ஸ்டீராய்டு மருந்துகள் இந்நோயில் பயன் தருவதில்லை என்பதும் ஆராய்ந்து கண்ட உண்மை.

இந்த இம்யூனோகுளோபுலின் எதிலிருந்து வருகிறது என்பதை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். இது மனித இரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஒவ்வொரு தொகுப்பிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கொடுத்த பிளாஸ்மா ஒன்று சேர்கிறது. 50 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளைக்கு வழக்கமாக மொத்தம் 100 கிராம் மருந்து தேவை. முகமறியாத ஆயிரம் பேர் கைநீட்டி ஊசி குத்திக்கொண்டதனால் ஒரு பிள்ளை எழுந்து நடக்கிறான். பங்குத் திருவிழாவையொட்டி இரத்த தான முகாம் நடத்தும் இளைஞர்கள் இதனை நினைவில் கொள்வார்களாக.

மருந்தின் விலை மிகுதி. ஆகவே அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் அதனை முதல் நாளே எடுத்துச் சென்று விசாரிக்கவும். அட்டை எங்கே இருக்கிறது என்று மூன்றாம் நாள் பெட்டியைத் துழாவும் நிலை வேண்டாம்.

விழித்திருக்கும் உள்ளம்

இக்கட்டுரையில் நாம் மிக வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. இந்நோய் நரம்பைத் தாக்குகிறதேயன்றி மூளையைத் தாக்குவதில்லை. தொண்டையில் குழாயுடன், கை கால் அசையாமல், முகத்திலும் அசைவின்றிக் கிடக்கும் பிள்ளையின் அறிவு முழுமையாக விழித்திருக்கிறது. அவன் எல்லாவற்றையும் கேட்கிறான். கட்டிலின் அருகே நின்று "இனி எங்கே பிழைக்கப் போகிறான்" என்று உறவினர் முணுமுணுப்பதையும் கேட்கிறான். கடன் எங்கே வாங்குவது என்று தாயும் தந்தையும் பேசிக்கொள்வதையும் கேட்கிறான். ஆகவே அவனைப் பற்றிப் பேசாதீர்கள், அவனிடம் பேசுங்கள். இன்று என்ன கிழமை, வெளியே மழையா வெயிலா, தம்பி பள்ளியில் என்ன செய்தான், இப்போது செவிலியர் என்ன செய்யப் போகிறார் என்பவற்றைச் சொல்லுங்கள்.

அவனும் நம்மிடம் பேச ஒரு வழி உண்டு. கண்ணை ஒரு முறை மூடினால் ஆம், இரு முறை மூடினால் இல்லை என்று ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். ஓர் அட்டையில் வலி, சளி, வாய் உலர்கிறது, திருப்பிப் படுக்க வை, அம்மா வேண்டும் என்பவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டலாம். இன்னும் பேச விரும்பினால், முதல் வகுப்பில் படித்த உயிர்மெய் எழுத்து அட்டவணை இருக்கவே இருக்கிறது. முதலில் க, ங, ச என்று வரிசையைச் சுட்ட வேண்டும். அவன் கண்மூடிய வரிசையில் க, கா, கி என்று நகர வேண்டும். ஒரு சொல்லுக்குச் சில நிமிடங்கள் ஆகலாம். பல நாட்கள் பேச முடியாதிருந்த பிள்ளையின் முதற் சொல்லுக்காக அந்நேரத்தைச் செலவிடலாகாதா? கண்ணிமையும் அசையாத நிலை சிலருக்கு வரக்கூடும். அப்போதும் பேசிக்கொண்டே இருங்கள். விடை வராவிட்டாலும் கேட்பவன் இருக்கிறான்.

வலி என்று அவன் சொன்னால் நம்புங்கள். அசையாத காலில் வலி எப்படி இருக்கும் என்று எண்ணலாகாது. இரவில் அது கடுமையாகும். இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண் வராது. பாதம் தொங்கி விறைத்துப் போகாமல் இயன்முறை மருத்துவர் சொல்லும் வண்ணம் தாங்கி வைத்தல் வேண்டும். எண்ணெய் தேய்த்து முரட்டுத்தனமாக நீவுவதும், இருவர் பிடித்துக்கொண்டு நடக்கச் சொல்வதும் தீங்கு செய்யும்.

மீளும் நாட்கள்

பெரும்பாலோருக்கு இரண்டு வாரங்களுக்குள்ளும், ஏறத்தாழ எல்லாருக்கும் நான்கு வாரங்களுக்குள்ளும் தளர்ச்சி தன் எல்லையை எட்டி நின்றுவிடும். பிறகு சில நாட்களோ வாரங்களோ மாற்றமின்றிக் கழியும். அதன்பின் வலு திரும்பத் தொடங்கும். உறை மட்டும் சேதமுற்றிருந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ அது புதுப்பிக்கப்படும். இழையே அறுந்திருந்தால், அது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதமே வளரும். இடுப்பிலிருந்து பாதம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து பார்த்தால், ஏன் ஓராண்டும் அதற்கு மேலும் ஆகிறது என்பது விளங்கும்.

சிகிச்சை பெற்றோரில் பெரும் பகுதியினர் ஆறு மாதங்களில் துணையின்றி நடக்கின்றனர்; ஐவரில் ஒருவருக்கு அதற்கு மேலும் காலம் தேவைப்படுகிறது. நல்ல மருத்துவ வசதி உள்ள இடங்களிலும் நூற்றுக்கு மூவர் முதல் ஐவர் வரை இறக்கின்றனர் என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. எனினும் முதியோரைவிடச் சிறுவரும் இளைஞரும் நன்றாக மீள்கின்றனர். நோய் மீண்டும் வருவது அரிது.

வீடு திரும்பிய பிள்ளை நடக்கிறான் என்பதாலேயே முழு நலம் பெற்றுவிட்டான் என்று எண்ணலாகாது. களைப்பு பல மாதங்கள் நீடிக்கும். காலையில் உற்சாகமாய் இருப்பவன் பகலில் சோர்ந்து விழுவான். அது சோம்பல் அன்று. பள்ளியில் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றவும், தேர்வில் எழுதுவதற்கு உதவியாளர் பெறவும் தலைமை ஆசிரியரை முன்கூட்டியே அணுகுங்கள். ஓராண்டு பின்தங்கினால் வாழ்வு கெட்டுவிடாது. உடன் படித்தோர் மேல் வகுப்புக்குப் போய்விட்டார்களே என்று அவன் மனம் நோவான். அந்த நோவுக்கு அறிவுரையைவிட, மாலையில் வந்து உட்கார்ந்து பேசும் ஒரு நண்பன் நல்ல மருந்து.

தடுப்பூசி குறித்து ஒரு சொல்

தடுப்பூசியால் இந்நோய் வருமா என்று கேட்கும் பெற்றோர் உண்டு. 1976-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சலுக்கு இட்ட ஊசியினால், இலட்சம் பேருக்கு ஏறத்தாழ ஒருவர் வீதம் கூடுதலாக இந்நோய்க்கு ஆளாயினர், அத்திட்டமும் நிறுத்தப்பட்டது. கோவிட் தடுப்பூசிகளுள் ஒருவகைக்கும் இது மிக அரிய பக்க விளைவு என்று 2021-இல் ஐரோப்பிய மருந்து முகமை அறிவித்தது. இவற்றை மறைப்பதற்கில்லை. ஆனால் ஊசி தடுக்கும் அந்த நோய்களே இதனினும் மிகுதியான கேட்டைத் தருபவை. ஒருமுறை இந்நோய் கண்ட பிள்ளைக்கு அடுத்த ஊசி போடுமுன் மருத்துவரிடம் அதனைச் சொல்லுங்கள். மற்றப் பிள்ளைகளுக்குரிய ஊசிகளை இதன் பொருட்டு நிறுத்தாதீர்கள்.

இப்போது நாம் தொடக்கத்தில் கண்ட வீட்டுக்குத் திரும்புவோம். செபமாலை முடிந்து எழ இயலாமல் தரையில் இருக்கிறான் மகன். தந்தை கடிந்துகொள்ளவில்லை. பாட்டி அடுப்பை மூட்டவில்லை. தாய் ஒரு தாளில் காய்ச்சல் வந்த நாளைக் குறித்துக்கொள்கிறாள். காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொள்கிறாள். அண்டை வீட்டார் 108-க்குச் சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளைகளைத் தம் வீட்டுக்கு அழைத்துச் செல்கின்றனர். மறுநாள் வின்சென்ட் தே பவுல் சபையார் வந்து, மருத்துவமனையில் இரவுத் துணைக்கு யார் யார் இருப்பது என்று முறை வகுக்கின்றனர். மூன்று நாட்கள் வீணாகப் போகவில்லை. இவ்வளவே நாம் வேண்டுவது. இலட்சத்தில் ஒரு பிள்ளைக்கே இது நேரும். ஆனால் அந்த ஒரு பிள்ளையின் வீட்டுக்கு அருகில் இருப்பவர்கள் நாமாக இருக்கலாம்.